அவ பூவை நீ கட்டு

தண்டபாணி சூதாட்ட விடுதி நடத்தினார் என்பதற்குக் காவல்துறை காட்டிய முதல் ஆதாரம் ஒரு தேங்காய் மூடி.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குற்றப்பத்திரிகையில் அப்படித்தான் இருந்தது. ‘விடுதிக்காரர் அடைந்த ஆதாயம்: தேங்காய் மூடி ஒன்று, வாழைப்பழம் இரண்டு.’ வாழைப்பழங்கள் நீதிமன்றம் வரை வந்து சேரவில்லை. வழியில் யாருக்கோ பசித்திருக்க வேண்டும்.

அந்தத் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது என் அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீதிமன்ற மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர் ‘எதிரி’. முதல் எதிரி தண்டபாணி, வயது எழுபத்திரண்டு. இரண்டாம், மூன்றாம் எதிரிகள் அக்காவும் தங்கையும். அக்கா சம்யுக்தா பின்னலாடைக் கம்பெனியில் தரம் பார்ப்பவள், நாற்பத்தொரு வயது, மணமாகாதவள். தங்கை மிதுனாவுக்குக் கணவனும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். மூவருக்கும் அன்று காலையில்தான் ஜாமீன் கிடைத்திருந்தது.

“சூது ஆடுனீங்களா?” என்று கேட்டேன். முதல் கேள்வியை நான் எப்போதும் இப்படித்தான் கேட்பேன். மழுப்புகிறவர்கள் அதிலேயே தெரிந்துவிடுவார்கள்.

“பூக் கட்டிப் பாத்தமுங்க,” என்றாள் சம்யுக்தா.

“அதத்தானுங்க சூதுங்கறாங்க,” என்றார் தண்டபாணி.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பதினொரு வருடங்களுக்கு முன் கைப்பேசி ரம்மி ஊரைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் கடன் தாங்காமல் உயிரை விட்டார்கள். அதைத் தடுக்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருத்தி, அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை தடை வந்தபோதும் கம்பெனிக்காரர்கள் ‘இது திறமை விளையாட்டு’ என்று நீதிமன்றம் ஏறினார்கள். திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று வருடக்கணக்காக வாதம் நடந்தது. கடைசியில் அரசாங்கம் பொறுமை இழந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, தற்செயலையே தடை செய்துவிட்டது. மதிப்புள்ள எதையும் தற்செயலின் கையில் விடக் கூடாது. கிரிக்கெட்டில் நாணயம் சுண்டுவதுகூட நின்றது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் தராசு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, விவரத்தைக் கொடுத்தால் அது எடைபோட்டுச் சொல்லும். பள்ளிக்கூடத்தில் யாருக்கு இடம், யாருக்கு அரசு வீடு, எல்லாம் தராசுதான். காரணத்தையும் அச்சடித்துக் கொடுக்கும். மீறிக் குலுக்கிப் பார்க்கிறவர்களைப் பிடிக்கத் தெருவிளக்குக் கம்பங்களில் ஒரு கருவி மாட்டினார்கள். பகடை உருளும் சத்தமும் சீட்டுக் கலைக்கும் சத்தமும் அதற்கு நன்றாகத் தெரியும். அரசாணையில் அதன் பெயர் ‘ஒலியறி’. ஊரில் வைத்த பெயர் ‘மாமியார்’.

“தண்டபாணி சார், உங்களுக்கு இது புதுசில்லையே,” என்றேன். அமராவதிக் கரையில் அவர் ஒரு மனமகிழ் மன்றம் வைத்திருந்தது ஊருக்கே தெரியும். பெயர்தான் மனமகிழ் மன்றம், உள்ளே இருபது மேசை சீட்டு. சட்டம் வந்ததும் மூடினார்கள். பலகையில் ‘மன்றம்’ கழன்று விழுந்து, ‘மனமகிழ்’ மட்டும் இன்னும் தொங்குகிறது.

“சீட்டு விட்டாச்சுங்க வக்கீலம்மா. சத்தியமா விட்டாச்சு. இது வேறங்க. தராசு சொல்றத ஏத்துக்க முடியாதவங்க வருவாங்க. வியாழக்கெழமை காத்தால ரெண்டு மணி நேரம். வீட்ல சாமி படம் இருக்குது, அது முன்னால பூக் கட்டுவாங்க. போகையில தேங்காய்ல ஒரு மூடிய வெச்சுட்டுப் போவாங்க. நான் கேக்கறதில்லீங்க.”

“தராசு சொன்னதில் என்ன குறை?”

மிதுனா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். வைத்த விதத்தில் கோபம் இருந்தது.

அவர்கள் அம்மா சுகன்யாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. ஊசி இறக்கக் கையில் இனி இடமில்லை, அடுத்த மாதத்துக்குள் மாற்றுச் சிறுநீரகம் வைத்தாக வேண்டும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மகள்களுக்கும் பொருத்தம் சமம். யார் கொடுப்பது என்று தராசைக் கேட்டிருக்கிறார்கள். தாளில் இப்படி இருந்தது:

‘தெரிவு: சம்யுக்தா. இழப்பு மதிப்பு: மிதுனா 61, சம்யுக்தா 39. காரணம்: மணமாகாதவர். குழந்தைகள் இல்லை. இவருக்குத் தீங்கு நேர்ந்தால் பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை: 0.’

அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

“அம்மாவைக்கூட எண்ணவில்லையா?”

“அம்மா பயனாளிங்களாம். பயனாளிய எண்ண மாட்டாங்களாம்,” என்றாள் மிதுனா. “அக்கா இத வாங்கிப் படிச்சுட்டு, சரி, நானே குடுக்கறேன்னு சொல்லிருச்சுங்க. அப்படிச் சொன்னா நான் ஒத்துக்குவனா? இவ போனா கேக்கறதுக்கு நாதியில்லன்னு எழுதிக் குடுத்திருக்கறாங்க, அதுக்குக் கீழ கையெழுத்துப் போடறாளாம்.”

“எழுதுனதுல என்ன தப்பு? உனக்கு ரெண்டு புள்ளைக,” என்றாள் அக்கா.

“நான் குடுக்கறேங்கறேன், நீ விட மாட்டேங்கற.”

“ரெண்டு புள்ளைய வெச்சுட்டு நீ எதுக்குக் குடுக்கோணும்?”

என் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நாள் வீட்டில் இதே சண்டைதான். கடைசியில் பூ சொல்கிறபடி கேட்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டு தண்டபாணியிடம் போயிருக்கிறார்கள். பூ சொன்னால் காரணம் சொல்லாது. ஒருத்தி உசத்தி, ஒருத்தி மட்டம் என்று எடைபோடாது. அதற்காகத்தான் போனார்கள் என்று எனக்குப் புரிந்தது.

“எப்படிக் கட்டினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க,” என்றேன்.

தண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழில் என்று வந்துவிட்டால் மனிதருக்குத் தனிக் களை.

“மூத்தவங்க பூ செவ்வரளிங்க. எளையவங்க பூ நந்தியாவட்டை. எந்தப் பூ வருதோ அவங்க குடுக்கோணும். நம்மகிட்ட ஒரு முறை உண்டு. உன் பூவ நீ கட்டக் கூடாது. அவ பூவ நீ கட்டு, உன் பூவ அவ கட்டட்டும். சீட்டுல கலைக்கறவன் ஒருத்தன், வெட்டறவன் ஒருத்தன் இல்லீங்களா, அந்த மாதிரி. ஆளுக்கொரு மூலையில திரும்பி உக்காந்து கட்டுவாங்க. யாரு எதக் கட்டுனதுன்னு பின்னால தகராறு வரப்படாதுன்னு நூல் வேற வேற. மூத்தவங்களுக்கு மஞ்ச நூல், எளையவங்களுக்குப் பச்சை. வெளிய தெரியாம வாழையிலைல பொட்டலமாக் கட்டோணும், கனத்துக்கு உள்ள ஒரு கொட்டப்பாக்கு. ரெண்டையும் சொம்புல போட்டுக் குலுக்குவேன்.”

“அந்தக் கொட்டைப்பாக்குதான் உங்களை மாட்டிவிட்டது. மாமியாருக்குப் பகடை உருளுவது மாதிரி கேட்டிருக்கிறது. சரி, பொட்டலத்தை எடுப்பது யார்?”

“வாசப்படில மொதல்ல ஏறி வர்றவங்க. யாரா இருந்தாலுஞ் சரி.”

“அன்றைக்கு யார் ஏறி வந்தது?”

அவர் தாடையைச் சொறிந்தார். “ரெய்டுக்கு வந்த ஏட்டம்மாங்க.”

“என்ன?”

“முறைன்னா முறைதானுங்களே. சொம்ப நீட்டுனேன். அவங்களும் தொப்பியக் கழட்டிட்டு, கண்ண மூடி ஒண்ணு எடுத்துட்டாங்க. அப்பறந்தான் எதுக்கு வந்தம்னு ஞாபகம் வந்துச்சாட்ட இருக்குது. வெடுக்குனு திரும்பச் சொம்புல போட்டுட்டு, எல்லாரும் வண்டில ஏறுங்கன்னாங்க.”

“எந்த நூல் என்று பார்த்தீர்களா?”

“அவங்க சொம்புல கைய உட்டதும் நானுங் கண்ண மூடிக்கிட்டனுங்க. எனக்குத் தெரியப்படாது.”

சகோதரிகளும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். எடுத்த ஏட்டு பிரதீபாவுக்கு மட்டுமே தெரியும். அவர் வாயைத் திறந்தால் அவர் வேலை போகும். ஆக, பூ எடுத்தாயிற்று, ஆனால் யார் பூ என்று தெரியவில்லை. இரண்டு பொட்டலங்களும் அரக்கு முத்திரையோடு காவல் நிலையத்துக் குளிர்பெட்டியில் இருந்தன.

“வழக்கு ஒன்பது நாளில் முடியும்,” என்றேன். “தண்டனை ஆனால் தண்டபாணி சாருக்கு மூன்று வருடம். உங்கள் இருவருக்கும் அபராதம்தான். ஆனால் இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்கள் இரண்டு வருடத்துக்கு எந்த மருத்துவச் சம்மதத்திலும் கையெழுத்துப் போட முடியாது.”

இருவருக்கும் முகம் வெளுத்தது. அம்மாவுக்கு இரண்டு வருடம் கிடையாது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் வைத்திருந்த ஒரே வாதம் தேங்காய் மூடிதான். விடுதி என்றால் விடுதிக்காரருக்கு ஆதாயம் வேண்டும். தேங்காய் மூடி பிரசாதம், ஆதாயமல்ல. இதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? தலைவிதியை நொந்துகொண்டு சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்கு முதல்நாள் காலையில் சம்யுக்தா தனியாக வந்தாள்.

“வக்கீலம்மா, நாளைக்கு அந்தப் பொட்டலத்தப் பிரிப்பாங்களா?”

“அரசு வக்கீல் கேட்டால் பிரிப்பார்கள்.”

“பிரிக்க விடாதீங்க. எப்படியாச்சும் தடுத்துப் போடுங்க.” கண் கலங்கியிருந்தது. ஏன் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

அவள் போய் ஒரு மணி நேரத்தில் மிதுனா வந்தாள். அவளும் தனியாகத்தான் வந்தாள். அவளும் அதையேதான் கேட்டாள். முடிவைத் தெரிந்துகொள்ளப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் வக்கீல் தொழில் பார்த்து என்ன பிரயோஜனம், கண் முன்னால் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நீதிமன்றத்தில் கூட்டம் அதிகமில்லை. சுகன்யா அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள். “எம் பேரச் சொல்லி ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போறீங்களாக்கும்,” என்று மகள்களைத் திட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

நடுவர் இளைஞர், ஜலதோஷக்காரர். தேங்காய் மூடி பிரசாதம் என்று நான் சொன்னதைக் கேட்டு மூக்கை உறிஞ்சினார். அரசு வழக்கறிஞர் பிரணவ் எழுந்தார். நல்ல பிள்ளைதான், ஆனால் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்.

“வாராவாரம் வரும் தேங்காய் பிரசாதமென்றால் வாராவாரம் வரும் வாடகையும் பிரசாதம்தான். அது கிடக்கட்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது, ‘தற்செயலை நம்பி மதிப்புள்ள ஒன்றைப் பணயம் வைப்பது சூது.’ ஒரு சிறுநீரகத்தைவிட மதிப்புள்ள பணயம் எது? பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்க அனுமதி வேண்டும். ஒன்றில் சிவப்பும் ஒன்றில் வெள்ளையும் இருந்தால், நடந்தது சூதுதான்.”

நான் எதிர்த்தேன். நடுவர் கேட்கவில்லை. எதிரிகள் கூண்டில் அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மன்ற எழுத்தர் மஞ்சள் நூல் பொட்டலத்தின் அரக்கை உடைத்தார். சம்யுக்தா கட்டியது. முறைப்படி உள்ளே தங்கையின் பூ, வெள்ளை நந்தியாவட்டை இருக்க வேண்டும். எழுத்தர் வெளியே எடுத்தது செவ்வரளி.

ஒரு நிமிடம் எனக்கே ஓடவில்லை. பிறகு புரிந்தது. அக்கா தங்கையின் பூவைக் கட்டவில்லை, தன் பூவையே வைத்துக் கட்டியிருக்கிறாள். பச்சை நூல் பொட்டலத்தில் தங்கை கட்டிய அக்கா பூ எப்படியும் இருக்கும். எதை எடுத்தாலும் செவ்வரளி, எதை எடுத்தாலும் தானே கொடுக்கலாம் என்று போட்ட கணக்கு அது. பொட்டலத்தைப் பிரிக்க விடாதீங்க என்று கண் கலங்கியதும் அதற்காகத்தான்.

“கனம் நடுவர் அவர்களே,” என்று நான் துள்ளி எழுந்தேன். “இரண்டிலும் ஒரே பூ. இதில் தற்செயல் எங்கே இருக்கிறது? வழக்கே விழுந்துவிட்டது.”

“மற்றதையும் பார்ப்போம்,” என்றார் பிரணவ் அமைதியாக.

பச்சை நூலைப் பிரித்தார்கள். உள்ளே நந்தியாவட்டை.

ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. பிரணவ் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை முடிந்துவிட்டது. நான் நின்றபடியே கூண்டைப் பார்த்தேன். சம்யுக்தா தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயுமா புள்ள?” என்றாள்.

மிதுனா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். “உன்ன நானே அனுப்புவனாக்கா?”

அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் என் வாதம் அதில் முழுசாக இருந்தது. நடுவர் பக்கம் திரும்பி ஆரம்பித்தேன்.

“சட்டம் ‘தற்செயலை நம்பி’ என்கிறது. இரண்டாம் எதிரி எதை நம்பினார்? இரண்டு பொட்டலத்திலும் தன் பூதான் என்று நம்பினார். மூன்றாம் எதிரியும் அப்படியே நம்பினார். இருவரில் ஒருவர்கூடத் தற்செயலை நம்பவில்லை. நம்பாததால்தான் ஏமாற்றினார்கள். சூதே நடக்காத வீடு எப்படிச் சூதாட்ட விடுதியாகும்?”

“ஆனால் நடந்தது என்னவோ தற்செயல்தானே?” என்றார் பிரணவ்.

“அது இவர்களுக்குத் தெரியாது. இப்போது நாம் பிரித்ததால்தான் தெரியும். அப்படியானால் சூது நடந்த இடம் இந்த மன்றம்.”

நடுவர் கைக்குட்டையை எடுத்தார். அது ஜலதோஷத்துக்குத்தானா என்று என்னால் சொல்ல முடியாது. கால் மணி நேரம் எழுதினார். பிறகு படித்தார். மற்றதெல்லாம் மறந்துவிட்டது, ஒரு வரி மட்டும் மனப்பாடம்: ‘சூதில் ஏமாற்றுகிறவர்கள் ஜெயிப்பதற்காக ஏமாற்றுவார்கள். பூக் கட்டிய இருவரும் தாமே இழப்பதற்காக ஏமாற்றியிருக்கிறார்கள். இதைச் சூது என்று சொல்ல இந்த மன்றத்தால் இயலவில்லை.’ மூவரும் விடுதலை.

சுகன்யா அம்மா அழுதார். தண்டபாணி தேங்காய் மூடியைத் திருப்பித் தரும்படி எழுத்தரிடம் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?” என்று தாழ்வாரத்தில் அவரைப் பிடித்தேன்.

“சீட்டு மேசைல முப்பது வருசம் உக்காந்தவனுங்க நான். முதுகப் பாத்தே சொல்லுவேன், எவன் ஏமாத்தறான்னு.” அவர் மூடியை முகர்ந்து பார்த்தார். ஊசிப்போயிருந்தது. “ஆறு வருசத்துல முன்னூறு சோடி வந்திருப்பாங்க. முக்காவாசிப் பேரு இப்படித்தானுங்க. எதுக்கு அவ பூவ நீ கட்டுன்னு சொல்றேன்? ஏமாத்தறதுக்கு ஒரு எடங் குடுக்கோணுமல்லங்க. நெசமாலுமே மாறாமக் கட்டறவங்களும் வருவாங்க. அது பெரும்பாலும் பங்காளிக, பாகத் தகராறு.”

அதற்குள் சகோதரிகள் மறுபடி சண்டையை ஆரம்பித்திருந்தார்கள். ஏமாற்றிவிட்டதால் பூ செல்லாது என்று இவள், நீயும்தானே ஏமாற்றினாய் என்று அவள். ஏட்டு பிரதீபா அந்தப் பக்கமாகத் தொப்பியை இடுக்கிக்கொண்டு போனார். இரண்டடி தாண்டி நின்றார்.

“நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க,” என்றார் சுவரைப் பார்த்து. “மஞ்ச நூலுங்க.”

சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

மஞ்சள் நூலில் இருந்தது செவ்வரளி. தராசு யாரைச் சொன்னதோ அவளையேதான் பூவும் சொன்னது. சம்யுக்தா சிரித்த சிரிப்பை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒத்துக்கொண்ட வாக்கு அது, மிதுனாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அம்மாவும் மகளும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு சாம்பாரில் உப்பில்லை என்று சேர்ந்து குறை சொன்னார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நாளைப் பற்றி. சட்ட ஆலோசகர் உடனிருந்ததாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். சம்மதப் படிவத்தில் தராசின் குறிப்பு அப்படியே அச்சாகியிருந்தது. பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை: 0. பிழை இருந்தால் உறவினர் அடித்துத் திருத்திக் கையெழுத்திடலாம் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு விதி.

மிதுனா பேனாவை வாங்கினாள். சைபரை இரண்டு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் 1 என்று எழுதினாள். யோசித்து அதையும் அடித்து, கணவனையும் பிள்ளைகளையும் சேர்த்து 4 என்று எழுதினாள். துணைக்கு வந்திருந்த தண்டபாணி பின்னால் நின்று கனைத்தார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு 5 ஆக்கினாள்.

“அம்மிணி, கட்டம் சிறுசு. ஒரு எண்ணுதான் எழுதலாம்,” என்றார் நர்ஸ்.

சம்யுக்தா அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“இதுலயும் ஏமாத்தலயே?” என்றாள்.

“இல்லக்கா,” என்றாள் மிதுனா. “இது எண்ணிப் பாத்து எழுதுனது.”